தரம் ஒன்று

நாலு வருஷம் அதைச் சோக்குப் பிடித்த நோ என்றே நினைத்திருந்தேன்.
வலக்கை, சுண்டுவிரல், அடிக்கணு.
கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் ஒரு பூச்சு,
அது முடிய இன்னொன்று.
‘ஔ’ எழுதினாலும் நோகாது.
இரவில், கை சும்மா கிடக்கும்போது நோகும்.

பொரளையில் படமெடுத்த பையன்
“எங்கயும் விழுந்தீங்களா மிஸ்?” என்றான்.
விழவில்லை.
எலும்புக்குள் யாரோ பொரியரிசி தூவியிருந்தார்கள்.

சாதுவான கட்டி, கையில் வழமைதான் என்றார் முதல் டொக்டர்.
அடுத்தவர் நம்பவில்லை.
சுரண்டி எடுத்து ஒரு சின்னப் போத்தலில் போட்டு
“எலும்பு கலந்திருக்கு, உடனே வெட்ட வராது,
அமிலத்தில் ஊறி இளகட்டும்” என்றார்.
அது ஊறிய பதினொரு நாளும்
நான் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.
ஏனென்று தெரியாது.

மகரகமவுக்கு நூற்றிமுப்பத்தெட்டு. நின்றுகொண்டே போனேன்.

கண்ணாடித் தகடு பார்க்கிற பஸ்மினா டொக்டர்
என்னை விட இளையவ.
“இடுப்பில வாறது இது. தொடையில, விலாவில.
விரலில வந்ததைப் புத்தகத்திலதான் கண்டிருக்கிறன்.
மூன்று தரம் பார்த்தன்.
பிறகு கண்டிக்கும் அனுப்பினன்.”
கொஞ்சம் நிறுத்தி,
“புற்றுதான். ஆனா தரம் ஒன்று.”

சிரித்துவிட்டேன்.
பதினேழு வருஷமாய் நான் தரம் ஒன்று, டொக்டர்.
விட்டுவைத்தால் வகுப்பேறுமா?
“சிலது ஏறும்,” என்றா, சிரிக்காமல்.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பிள்ளை ஞாபகம் வந்தது.
வான்காரர் பள்ளிக்கூடம் மாறி இறக்கிவிட்ட பிள்ளை.
கடைசி வாங்கில், யன்னலோரம்,
அழாமல், கதைக்காமல்,
மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ‘ஆ’ எழுதிக்கொண்டிருந்தது.
இரண்டு தரம் கடந்து போனேன்.
கொப்பியில் சரிகூடப் போட்டிருக்கிறேன்.
இடைவேளையில் பால் பக்கற் ஒன்று குறைந்தபோதுதான்
தலைகளை எண்ணினேன்.

திங்கட்கிழமை விரலை எடுக்கிறார்கள்.
அதிபரிடம் ஆறு கிழமை லீவு கேட்டிருக்கிறேன்.
புதிதாய் வாற ரோகிணா மிஸ்ஸுக்கு
யாருக்குக் கண் தெரியாது, யார் பென்சில் கடிப்பது,
எல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்தாயிற்று.

இன்று வெள்ளி. ‘ஓ’ படிப்பித்தேன்.
சுழி தொடங்கும் இடத்தில்
பலகையில் கையை ஊன்றிக்கொள்கிறது
அந்த விரல்தான்.
இவ்வளவு காலமும் நான் கவனித்ததில்லை.