கோட்டுக்கு அந்தப் பக்கம்

முக்கூடல் பள்ளிக்கூட மைதானத்தில்
ராத்திரி பதினொன்றரைக்கு இறுதி ஆட்டம்.
ஆற்று மணலும் மரத்தூளும் கலந்து கொட்டிய களம்.
நாலு கம்பத்து வெளிச்சம், அதை மொய்க்கிற ஈசல்.
இந்தப் பக்கம் நான் வாக்கப்பட்ட மேலக்கரை.
அந்தப் பக்கம் நான் பிறந்த செவக்காட்டுப்பட்டி.
நடுவில் பதிமூன்று மீட்டர் மண்.

எங்கள் பையன் பிடிபட்டால்
இங்கே ஒரு சத்தம் கிளம்பும், அடிவயிற்றிலிருந்து.
அவர்கள் பையன் பிடிபட்டால் அங்கேயும் கிளம்பும்.
"நடிப்பப் பாரு" என்பாள் முப்பிடாதி, என் நாத்தனார்.
அவளுக்கு அந்தப் பக்கம் மொத்தத்துக்கும் இரண்டே முகம்:
கோபம், இல்லாவிட்டால் கொழுப்பு.
பயம், வெட்கம், தொண்டையில் சிக்கும் எச்சில்
இதெல்லாம் நம் கார்டுக்கு மட்டும் போடுகிற சீனி.

"அந்தக் கெழவனப் பாருங்க மைனி,
தோத்துக்கிட்டு இருக்கையிலயும் நக்கலு."
பிச்சாண்டிச் சித்தப்பா.
தலையில் துண்டு, பல் அத்தனையும் வெளியே.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
சித்தியைத் துணி சுற்றித் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கும்
அவர் இப்படித்தான் சிரித்தார்.
ஸ்ட்ரெச்சர் தள்ளியவன் முறைத்தான்.
துக்கம் வந்தால் அவருக்கு
வாய் அப்படி இழுத்துக்கொண்டு போகும்.
முப்பிடாதியிடம் சொல்லியிருக்கலாம்.
அஞ்சு பாயிண்ட் முன்னால் இருக்கும்போது
யாருக்கு வேண்டும் அது?

வந்த முதல் வருசம்
அந்தப் பக்கம் முழுக்கப் பேரோடு இருந்தது.
டெய்லர் ஆபிரகாம். மோட்டார் ரூம் கோமதியின் மகன்.
ஆறாம் வகுப்பில் என் பென்சிலைக் கடித்த கருத்தப்பாண்டி.
பிறகு வருசத்துக்கு இரண்டு மூன்று பேர் உதிர்ந்து
"அவனுவ" என்று என் வாயே சொன்னது
போன பொங்கலுக்கு.
என் வீட்டுக்காரர் கொம்பையா திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
பொரிகடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

கடைசி ரைடு. ஆளுக்கு முப்பத்தொன்று.
எங்கள் பையன் ஒருத்தன் கணுக்காலைத் தொட்டுவிட்டு
மேலே நாலு பேர் கிடக்க
விரல் நுனியைக் கோட்டில் வைத்தான்.
விசில்.
நாற்காலிகள் சாய ஊரே எழுந்தது.
மடியில் பிள்ளை தூங்க
உட்கார்ந்தபடியே நானும் கைதட்டினேன்.

அந்தப் பக்கம் எல்லோரும் தரையைப் பார்த்திருக்க
தளவாய் மட்டும் நின்றான். என் தம்பி.
என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.
கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.
நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும்
இன்னும் வேகமாக, மறுபடியும் கழுத்தை.

அறுத்துப்போடுவேன் என்கிறான்
என்று வாசித்தது என் கண்.
அவனுக்கு முதல் பல் விழுந்தபோது
கூரைமேல் எறிந்தவள் நான்.
என்ன ஏத்தம் இவனுக்கு என்று உள்ளே ஒரு குரல்.
முப்பிடாதியுடையது இல்லை.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வேனில் ஏறும்போது போன் வந்தது.
"பிள்ள கழுத்து மடங்கித் தொங்குச்சு.
தலையப் பிடி பிடின்னு காட்டுதேன்,
நீ பாட்டுக்குத் திரும்பிக்கிட்ட."
அவனுக்குப் பின்னால் சித்தப்பா சிரிப்பது கேட்டது.
அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.
தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

"நீ கைதட்டுனதப் பாத்தோம் எல்லாரும்" என்றான்.
எப்படி இருந்தது என் முகம்,
அங்கேயிருந்து பார்க்க?
கேட்க வாயெடுத்தேன்.
வேனுக்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது.