இரண்டு பத்து, இரண்டு பதினான்கு

என் வேலை புள்ளிகளைப் பார்ப்பது.
இன்ஹேலரின் தலையில் ஒரு நீலத் தொப்பி.
குழந்தை அழுத்தினால் செல்போனுக்குத் தெரியும்,
செல்போனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும்:
மணி, நிமிடம், அன்றைய காற்று.

நாற்பத்தொரு குழந்தைகள் என் திரையில்,
தெர்மலில், ஓயாசிஸில்,
சால்டன் கடல் வற்றி வற்றிப்
புழுதியாகிக்கொண்டிருக்கும் கரை நெடுக.
பெயரில்தான் கடல்.
மணல் என்று நினைத்து மிதித்தால்
மீன் முள் நொறுங்கும்.
காற்று எழும்பினால் போதும்,
அரை மணியில் என் திரைக்கு
அம்மை வார்த்துவிடும்.

புள்ளி பொய் சொல்லாது என்றார்கள் பயிற்சியில்.
டெலிலா என்றொருத்தி, ஒன்பது வயது,
ஆப் தரும் நட்சத்திரங்களுக்காக
வேளை தவறாமல் மருந்தை
நாய்க்குட்டியின் மேல் அடித்தாள்.
அந்த வாரம் அவளுக்குத்தான் முதல் பரிசு.

எலியாசர் குயிரிஸ், வயது ஏழு.
இரவு இரண்டு பத்து. இரண்டு புள்ளி.
இரண்டு பதினான்கு. மறுபடி இரண்டு.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
ஒரு பிள்ளைக்கு இது அதிகம் என்று
திரை சிவந்தது.
கீழே ஒரு கேள்வி:
அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறாரா?
ஆம். இல்லை.

அம்மாவை அழைத்தேன். எடுக்கவில்லை.
திராட்சை வெட்டும்போது போனைத் தொட்டால்
மேஸ்திரிக்கு ஆகாது.
மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பேரீச்சந் தோப்புக்குப் பின்னால்
சக்கரம் கழன்ற டிரெய்லர் வீடுகள்.
ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத் துணி.
ஒஃபெலியா வாசலை அடைத்து நின்றாள்,
ஸ்பானிஷில் என்னிடம் பேசி,
புரேபெச்சாவில் உள்ளே யாரையோ அதட்டி.
பையன் அவள் இடுப்போரம் எட்டிப்பார்த்தான்.
நன்றாகத்தான் மூச்சு விட்டான்.

"ராத்திரி எத்தனை தரம் அழுத்தினாய்?"
"ரெண்டு."
"நாலு என்கிறதே இது?"
கோள் சொன்ன கூட்டாளியைப் பார்ப்பதுபோல்
தொப்பியைப் பார்த்தான்.

அப்புறம் உள்ளேயிருந்து கேட்டது.
இந்த வேலையில் அந்தச் சத்தம்
காதுக்குத் தப்பாது:
சரியாக மூடாத கதவில்
காற்று நுழைகிற மெல்லிய விசில்.

யுனுவென். ஐந்து வயது.
முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள்,
கழுத்துக்குழி உள்வாங்கி உள்வாங்கி.

முதலில் அவன் இழுத்துக்கொள்வானாம்.
பிறகு வாய்ப்பகுதியைச் சட்டையில் துடைத்துத்
தங்கைக்குக் கொடுப்பானாம்.
அதற்குத்தான் அந்த நாலு நிமிடம்.

இவளுக்கும் கிடைக்கும், காசில்லாமல், என்றேன்.
தெரியும், என்றாள் ஒஃபெலியா.
பெயர் கேட்பீர்கள்.
எங்கே பிறந்தாள் என்று கேட்பீர்கள்.
அந்தத் தொப்பி,
நாங்கள் தூங்குகிற இடத்தையும் சொல்லுமா?

சொல்லாது என்று வாயெடுத்தேன்.
திரையில் ஒரு வரைபடமும் உண்டு.
அதைப் பார்த்துத்தான் வந்திருந்தேன்.

வண்டியில் மாதிரிக்கு வைத்திருந்த இன்ஹேலர்,
தொப்பி இல்லாதது,
ஒன்று கிடந்தது. கொண்டுவந்தேன்.
ஸ்பேசரைப் பிடிக்கும் விதம் சொல்லத் தொடங்குமுன்
எலியாசர் அதைத் தங்கை வாயில் பொருத்தி
எண்ண ஆரம்பித்துவிட்டான்.
அவள் தோள்கள் இறங்கும்வரை இருந்தேன்.
வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்,
பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், என்றேன்.
அவள் சரி என்றும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் அந்தக் கேள்வி
அப்படியே காத்திருந்தது.
ஆம். இல்லை.
அண்ணன் என்றொரு கட்டம் கிடையாது.
இல்லை என்று அழுத்தினேன்.

இரவு இரண்டு பத்து: இரண்டு புள்ளி.
இரண்டு பதினான்கு: ஒன்றுமில்லை.
திரை பச்சைக்குத் திரும்பி
கட்டுப்பாட்டில் உள்ளது என்று எழுதியது.

புள்ளி வைத்தால் மெய்.
வைக்காத இடத்தில் ஓர் உயிர்
எழுந்து உட்கார்ந்து இழுக்கிறதா என்று
இந்த வெற்று நிமிடத்தையே
பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
இரண்டு பதினைந்து ஆகும்வரை.