உயிருடன் இருக்கிறார் / இல்லை

அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸில்
மூன்றாவது மேசை என்னுடையது.
வாரிசுச் சான்று, விதவைச் சான்று,
செவ்வாய்க்கிழமை மட்டும் உயிர்ச் சான்று.

வரிசையில் பதினோராவதாக நின்றவரை
எனக்கு முன்னால் பியூன் முப்பிடாதி கண்டுபிடித்தான்.
"யக்கா, இது அந்த ஜட்ஜுல்லா."
ஜட்ஜ் மட்டுமா,
கதாநாயகியின் அப்பா, கலப்பட அரிசி முதலாளி,
இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பு
சாகிற நேர்மையான ஏட்டையா.
சித்தப்பாவின் பெயரைக்கூட மறந்திருக்கிறேன்,
இந்த மூக்கை மறந்ததில்லை.
மூக்குக்காரரின் பெயர்தான் தெரியாது.
யாருக்கும் தெரியாது.

ஆதாரில்: வ. சங்கிலிபூதம், மன்னார்கோவில்.
கலைஞர் அட்டையில்: சங்கர்ராஜ்.
"ரெண்டும் ஒரே ஆளா?"
"போஸ்டர்ல பூதத்துக்கு இடமில்லன்னு
புரொடியூசர் மாத்திட்டாரும்மா.
போஸ்டர்ல கடைசி வரைக்கும் பேரே வரல்ல,
அது வேற சங்கதி."

அப்போதுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது.
மெலிந்து, மேலேறி,
கடையம் பஸ்ஸில் சில்லறை கேட்கிற
கண்டக்டர் குரல் மாதிரி.
முப்பிடாதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
"அந்த ஜட்ஜு தீர்ப்புச் சொன்னா
தியேட்டர் சீட்டு அதிருமே யக்கா.
இவரு வேற ஆளு."

சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.
நாற்பத்தோரு வருஷம், நூற்றுத் தொண்ணூறு படம்,
ஒன்றில்கூட அவர் பேசியதில்லையாம்.
"நம்ம பாஷை அவங்களுக்கு ஆகாது, பாத்துக்கிடுங்க.
பொறவு அந்தப் பாஷைக்கே மவுசு வந்துச்சு.
அப்பம் ஒருத்தன் வந்தான், சேலத்துக்காரன்,
எனக்குத் திருநெல்வேலித் தமிழ் சொல்லிக்குடுக்க.
நாளைக்கு ஆயிரம் ரூவா அவனுக்கு.
எனக்கு எழுநூறு."

குரல் கொடுத்தவர் தணிகாசலம்.
வடபழனியில் வாடகை வீடு.
இருவரும் நேரில் பார்த்தது இரண்டே முறை.
போன ஆடியில் அவர் தவறிவிட்டார்.
துட்டி கேட்க ராத்திரி ரயிலேறிப் போயிருக்கிறார்.
வாசலில் செருப்பைக் கழற்றியதும்
உள்ளேயிருந்து எழுந்து வந்த அந்த அம்மா
கையைப் பிடித்துக்கொண்டாளாம்.
"அவரு போன்ல பேசுறப்பல்லாம்
எனக்கு உங்க மூஞ்சிதான் ஞாபகம் வரும்.
ஏதாச்சும் பேசுங்களேன்."

"என்ன பேசினீங்க?"

"வாயத் தொறந்தா தெரிஞ்சு போயிருமே.
தலைய மட்டும் ஆட்டுனேன்.
நல்லா ஆட்டுவேன்.
அதுக்குத்தான் கூப்புடுவாங்க."

பாரத்தின் அடியில் ஒரு வரி:
மேற்படி நபர் உயிருடன் இருக்கிறார் / இல்லை.
தேவையற்றதை அடிக்கவும்.
கழுத்தில் கயிறு, முதுகில் கத்தி,
தாமிரபரணி என்று சொல்லி
ஒகேனக்கல்லில் தள்ளிவிட்டது;
எண்ணி வைத்திருக்கிறார், அறுபத்திரண்டு சாவு.
மழையில் செத்தால் படி கொஞ்சம் கூடவாம்.
நான் 'இல்லை'யை அடித்தேன்.
மை காய்ந்து கிடந்தது,
முத்திரையை இரண்டு தடவை குத்தவேண்டியிருந்தது.
"ரெண்டு பத்துக்கு பஸ்ஸு" என்று
குடையை மறந்து போனவர்
திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

இரவு பதினொன்றுக்கு ஏதோ ஒரு சேனலில்
அந்த ஜட்ஜ் படம்.
பிள்ளைக்குக் காலையில் பரீட்சை.
சத்தத்தைக் குறைத்தேன்,
போதவில்லை, முழுக்க அணைத்தேன்.
மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.
முதல் முறையாக உதட்டைப் பார்த்தேன்.
'இந்த' என்று தொடங்கவேண்டிய இடத்தில்
அது அகலத் திறந்து,
பக்கவாட்டில் இழுபட்டு,
நாக்கு மேலே ஒருமுறை தொட்டு இறங்கியது.

யாருக்கு என்ன தீர்ப்போ, பிடிபடவில்லை.
ஆனால் முதல் சொல் ஏல.
சத்தியமாக ஏல.