நாகமரையில் ஒரு கடல்

பரிசல் துறைக்கு அப்பால்
மேட்டூர்த் தேக்கம் கரை தெரியாமல் கிடந்தது.
"கடல்தானே?" என்றாள் கனிஷ்கா.
உப்பு போட்டால் கடல், என்றான் மாதேஷ்.

தவணையில் வாங்கிய கூடாரம்
இரண்டு பேருக்கானது.
நாங்கள் மூன்று பேர், ஒரு குக்கர்.

கைபேசி வெயில் என்றது.
வெயில்தான், நாலரை மணி வரைக்கும்.
பிறகு கர்நாடகப் பக்கமிருந்து மேகம்.
இதை மட்டும்
கேட்காமலே திறந்துவிட்டார்கள்.

முளைக்குச்சிகள் சேற்றில் நழுவ
ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டோம்.
நாலாவது மூலையில் குக்கர்,
அரிசியோடு.

பத்தே நிமிடம்.
மறுபடி வெயில், எதுவுமே நடக்காதது மாதிரி.
மறுபடி மழை.
காய வைத்த சட்டையை
நான்காம் முறை பிழிந்தபோது
நான் சிரித்துவிட்டேன்.

மூக்கிலிருந்து வழிந்ததை நக்கிப் பார்த்து
"உப்புக் கரிக்குதுப்பா" என்றாள் கனிஷ்கா.

யாரும் மறுக்கவில்லை.
சோறு குழைந்திருந்தது.