மாரிக்கு உள்ளிழுத்த அறை

சித்திரை வரைக்கும் இனி ஓட்டமில்லை.
நீர்வேலியில், ராசநாயகத்தாரின் வாழைக்குலைக் கொட்டிலில்
மாதம் ஆறாயிரத்துக்கு நிற்கிறது கரவன்.
டயருக்குக் கீழே பனைச் சிலாகை.
பற்றறி வயரைக் கழற்றியாயிற்று.
குழாயில் சொட்டுத் தண்ணீரில்லை.
பக்கவாட்டில் பிதுங்கி நின்ற அறையைப்
பொத்தானை அழுத்தி உள்ளே இழுத்தேன்,
ரப்பர் விளிம்புக்குப் பவுடர் பூசினேன்,
குழந்தையின் கழுத்து மடிப்புக்குப் போல.

அன்றிரவே சுகிர்தா கேட்டாள்:
"என்ர கண்ணாடி எங்கை?"

அறை உள்ளே போனால்
கட்டில் வந்து அலமாரியை அடைத்துவிடும்.
அலமாரிக்குள் கண்ணாடி.
அறையை வெளியே தள்ள மூன்றடி வேண்டும்;
சுவருக்கு இருப்பதோ ஒன்றரை.
ஒழுங்கைக்கு எடுக்கலாமென்றால்
ஒழுங்கை இப்போது வாய்க்கால்.

இடுக்கில் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன்.
மன்னாரில் வாங்கிய கருவாட்டின் மணம்,
நிலாவெளி மணல் கொஞ்சம்,
ஒற்றைச் செருப்பு ஒன்று.
பாசிக்குடாவில், என் கவனக்குறைவால்
கடல் எடுத்ததென்று
இரண்டு நாள் அவள் பேசாதிருந்த அதே செருப்பு.
மற்றதைக் கோபத்தில்
தானே கடலுக்கு எறிந்திருந்தாள்.

கண்ணாடி அகப்படவில்லை.
செருப்பை வாசலில் வைத்தேன்.
பார்த்தாள். காலால் ஓரமாகத் தள்ளினாள்.
சிரிப்பை அடக்கத்தான் உள்ளே போனாள் போலும்.

இப்போது என் கண்ணாடியை முறைவைத்துப் போடுகிறோம்.
அவளுக்கு அதில் எழுத்து நெளிகிறதாம்;
மரண அறிவித்தல்களை மட்டும்
நான்தான் உரத்து வாசிக்கிறேன்.
நேற்று, ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில்,
தகரத்தில் மழை இரைய,
"பூட்டின அறை பூஞ்சணம் பிடிக்காதோ?" என்றாள்.

இரண்டு சட்டி கரி வைச்சனான் என்றேன்.