நான்காம் குப்பி

துர்க்கு நகரில் பிப்ரவரி.
அவுரா ஆறு உறைந்து கிடக்கிறது.
அதன் நடுவில் யாரோ ஒரு சைக்கிளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஆறரைக்கு விலங்கறைக் கதவைத் திறக்கிறேன்.
எலிகள் தூங்கப் போகும் நேரம்.

கணுக்கால் அளப்பது என் வேலை.
எஃகுக் கவ்வியை மெல்ல நெருக்கி
மூன்று புள்ளி ஒன்று, மூன்று புள்ளி நான்கு.
வீங்கிய மூட்டை வலிக்காமல் அளக்க
வீங்கிய விரல் வேண்டும்.
எனக்கு இருக்கிறது, பதினோரு வருடமாக.
காபி டப்பாவின் மூடியிடம்
தினமும் தோற்கிற விரல்கள்.

முதல் குப்பியில் உப்புநீர்.
இரண்டாவதில் மருந்து மட்டும்.
மூன்றாவதில் மருந்தைச் சுமக்கும் சிலிக்காத் துகள்:
ஒரு மயிரின் குறுக்கே ஆயிரம் வரிசையாக நிற்கும்,
ஒவ்வொன்றின் உடம்பெல்லாம் துளை.
நான்காவதில் அதே துகள்,
மருந்தில்லாமல்.
ஒப்புக்குச் சப்பாணி.

பத்தாம் நாள் நான்காம் கூண்டில்
ஓர் எலி சக்கரத்தில் ஏறியது.
பிறகு இன்னொன்று.

பேராசிரியர் ரைட்டியோ கூப்பிட்டார்.
குரலை உயர்த்தவில்லை, இங்கே யாரும் உயர்த்துவதில்லை.
"ஹில்க்கா, குப்பிகளை மாற்றிவிட்டாயா?"
என் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.
வெறுங்கை முழம் போடுமா,
அவ்வளவுதான் கேள்வி.

மறுபடி செய்தோம்.
லேபிளை ஆர்ட்டுரி ஒட்டினான்,
பட்டியலை இழுப்பறையில் பூட்டிச்
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.
எது எதுவென்று தெரியாமல்
நாற்பது கணுக்கால் அளந்தேன்.

பூட்டு திறந்தபோது
மறுபடியும் அந்தக் குப்பிதான்.

சாகும் செல்கள் உடைந்து
தங்கள் டிஎன்ஏ நூலைச் சிந்திவிட்டுப் போகின்றன.
அதைக் கண்ட உடம்பு
நெருப்பு நெருப்பு என்று ஊரைக் கூட்டுகிறது.
அணைக்க வந்தவையும் செத்து
அவையும் சிந்துகின்றன.
இருந்து கெடுத்தது போதாதென்று
செத்தும் கெடுக்கிறவை.
துளைகள் அந்த நூலை
இழுத்து இழுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தன.
மூன்றாம் குப்பித் துகள்களில்
மருந்தை அடைத்திருந்தோம். இடமில்லை.

எலிகளைப் பதினான்காம் நாள் கொன்றோம்.
விதி அது.
சக்கரம் ஏறியதையும்.
மூட்டுகளைச் சீவிக் கண்ணாடியில் பதித்தேன்,
சாயத்தில் குருத்தெலும்பு நீலமாக, முழுதாக.
மனிதர்களுக்கு எப்போது என்று
என் அக்கா போனில் கேட்டாள்.
எலிக்கே இன்னும் முடியவில்லை என்றேன்.

ரைட்டியோ மன்னிப்புக் கேட்கவில்லை.
மறுநாள் காலை
பரிசோதனைக்கூடச் சமையலறையில்
காபி டப்பாவின் மூடி தளர்த்தி வைக்கப்பட்டிருந்தது.
இரண்டு விரலால் திறந்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.

இந்த வாரம்
வாங்க வேண்டியது என் முறை.