ஒரே ரயில், இரண்டு முறை

இரவு ஒன்றே முக்காலுக்கு வந்த அழைப்பில்
பேச்சில்லை.
மூச்சு மட்டும். அழுது மூக்கடைத்த மூச்சு.

இந்த நாற்காலியில் எனக்கு வேறு பெயர்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் விதிகள்:
ஊரைக் கேட்காதே. உன் ஊரைச் சொல்லாதே.
எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதே.
மௌனத்தை நீ நிரப்பாதே.

நிரப்பவில்லை.
நான்கு நிமிடம். ஏழு நிமிடம்.
டம்ளரில் டீ ஆடை கட்டியது.

அப்போது கல்மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே
துறைமுகம் போகும் சரக்கு ரயில் கூவியது.
அரை நொடி கழித்து
அதே கூவல்
ஹெட்போனுக்குள்.

கோவில்பட்டியிலிருந்து கூப்பிடுவார்கள்,
ஓசூர் ஹாஸ்டல் படிக்கட்டிலிருந்து கூப்பிடுவார்கள்.
தொலைவு எனக்கு ஒரு வசதி.
இவனோ என் தெருநாய்களின் குரைப்புக்குள்
உட்கார்ந்திருக்கிறான்.

பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை.

காதை அழுத்திக் கேட்டேன்.
ஐஸ் உடைக்கும் மிஷின் கரகரத்து ஓடி
சட்டென்று நின்றது.
அந்த நிற்பு எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.
யாராவது கெட்ட வார்த்தை சொல்லி ஓர் உதை விடுவார்கள்,
மறுபடி ஓடும்.

விதியை மீறினேன்.
"பார் மாட்டிக்கிச்சு போல."

வெகுநேரம் கழித்து
சிரிப்பா இருமலா தெரியாத ஒன்று.
"ஆமாக்கா. ராவெல்லாம் இதே ரோதனை."

பதினாறு இருக்கும். இன்னும் முழுதாய் உடையாத குரல்.

பிறகு கூடை கவிழ்ந்தாற்போல் கொட்டியது.
மகளிர் குழுவுக்குக் கட்ட
அம்மா அரிசி டப்பாவில் வைத்த ஒன்பதாயிரம்,
அதை விழுங்கிய கேம்,
அதை மீட்க போனிலேயே வாங்கிய கடன்,
இப்போது எவன் உடம்பிலோ இவன் முகத்தை ஒட்டி
விடிந்தால் நூற்று நாற்பது பேருக்கும் அனுப்புவோம் என்கிறார்கள்.

"விடியவே கூடாதுக்கா."

எத்தனையோ முறை கேட்ட வாக்கியம்.
ஒவ்வொரு முறையும் முதல் முறை.
சுற்றி வளைக்காமல் கேட்டேன்:
"செத்துப்போகணும்னு தோணுதா?"
"தோணுது."

கேட்டதால் எதுவும் இடிந்து விழவில்லை.
இருவருக்கும் நடுவே தரையில் இறக்கிவைத்த
குடம் மாதிரி இருந்தது அந்தச் சொல்.
இனி அவன் தனியாகத் தூக்க வேண்டாம்.

"அந்தப் படம் பொய். மிரட்டுறது அவங்க, குத்தம் அவங்களோடது.
அதைப் பாக்க ஆளுங்க இருக்காங்க, நம்பர் தரேன்.
இப்போ, இந்நேரத்துக்கு முழிச்சிருக்கிற உன் ஆளு யாரு?"

"பெரிம்மா. ஏலத்துல நிக்கும்."
"திட்டுவாங்களா?"
"செமையா."
"அப்புறம்?"
யோசித்தான்.
"அப்புறம் இன்னா, டீ வாங்கித் தரும்."

"போனை வைக்காம அவங்க கிட்ட நடக்கிறியா?"

நடந்தான்.
செருப்பில் ஒரு வார் அறுந்திருக்க வேண்டும்:
ஒரு கால் தட்டியது, ஒரு கால் இழுத்தது.
லாரி பின்னால் வரும் மணி.
வஞ்சிரத்துக்கு நூறு நூறாய் ஏறும் ஏலக்குரல்.
பிறகு மிக அருகில், கனத்த பெண் குரல்:
"இன்னாடா தேசிங்கு இந்நேரத்துல?
மூஞ்சி ஏன்டா இப்டிக் கீது?"

அந்தப் பெயர் என்னிடம் வந்திருக்கக் கூடாது.
பதிவேட்டில் எழுதினேன்:
ஆண். நம்பும் ஒருவரிடம் சேர்ந்தார். நாளை மறுபடி பேச ஒப்புக்கொண்டார்.
ஊர் என்ற கட்டம் காலி.

ஆறு மணிக்குக் காசிமேட்டுப் பக்கம் நடந்தேன்.
அந்த வயதில் எத்தனை பேர்!
ஐஸ் மூட்டையை சைக்கிளில் தள்ளுகிறவன்,
வலைமேல் படுத்து போன் பார்க்கிறவன்,
சும்மா நிற்கிறவன்.
முகங்களைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தேன்.

டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.
ஒன்றில், வார் அறுந்த இடத்தில்,
புத்தம்புது ஊக்கு.

இந்தப் பக்கம் ஊக்கு குத்தாத செருப்பு குறைவு.
நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதும் விதிதான்.
அரைக்கிலோ சங்கராவுக்குச் சில்லறை எண்ணினேன்,
தப்புத் தப்பாக,
மூன்று முறை.